பின்சக்கர டிஸ்க்கும் கைபிரேக்கும்: மட்டாஞ்சேரி ஜீப் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களுக்கும் மேஸ்திரிமார்களுக்கும்,

பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுக்கி, விடுமுறை வந்தால் மூணாறு என்றும் வாகமண் என்றும் சூரியநெல்லி என்றும் மலையேறப் புறப்பட்டுவிடுகிற உங்களுக்கும், அந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டித் தருகிற ஒர்க்‌ஷாப்காரர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். ஏனென்றால், நான் சொல்ல வந்த விஷயத்தில் உரிமையாளர் மேஸ்திரியைக் கைகாட்டுவதும் மேஸ்திரி உரிமையாளரைக் கைகாட்டுவதுமாகக் காரியம் நடுவழியில் நின்றுவிடுகிறது. பின் ஆக்ஸிலில் கம்பெனி வைத்த டிரம்மைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் டிஸ்க்கையும் காலிப்பரையும் பூட்டிக்கொள்வது இப்போது உங்களிடையே ஒரு மோஸ்தராகிவிட்டது. பூட்டுகிறவர்களும் வேலையைச் சுத்தமாகத்தான் செய்கிறார்கள்; பிராக்கெட் வெட்டி வெல்டு வைக்கிறார்கள், ஹோஸ் மாற்றுகிறார்கள், ஏர் எடுத்து, பெடல் இறுகி நிற்கிறதா என்று பலமுறை மிதித்தும் பார்க்கிறார்கள். ஆனால் டிரம்மோடு சேர்ந்து போன கைபிரேக்கின் கதி என்ன என்று கேட்டால், ‘அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்த அப்புறம் வருவதே இல்லை. வண்டிக்குள் லீவர் இருக்கிறது. இழுத்தால் கிர்ரென்று பல் ஏறுகிற சத்தமும் கேட்கிறது. கீழே குனிந்து பார்த்தாலோ, கேபிளின் நுனி சேஸிஸோடு ஒரு கட்டுக்கம்பியால் கட்டிப்போடப்பட்டிருக்கிறது.

இதற்கு உங்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. நாம் வசிக்கிற பூமியே அப்படிப்பட்டது. கடலும் காயலும் சூழ்ந்த இந்தச் சமதரையில், ஏற்றம் என்று சொல்லத்தக்கது தோப்பும்படிப் பாலத்தின் இரு முனைகளும்தான். பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளின் முன்னே வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்கிப் போனாலும், திரும்பி வரும்போது அது விட்ட இடத்திலேயே நிற்கும். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ஓடுகிற ரோ-ரோ படகில் ஏறும்போது மட்டும், தளத்தில் நிற்கிற ஊழியர் கையை அசைத்துக் கைபிரேக்கைப் போடும்படி சைகை காட்டுவார். அதையும் முதல் கியரில் போட்டு நிறுத்தி ஒப்பேற்றிவிடுகிற சமர்த்தர்கள் நம்மில் உண்டு. ஆகவே வாரத்தில் ஆறு நாள் தேவைப்படாத ஓர் உறுப்பு, ஏழாவது நாள் தேவைப்படும் என்ற ஞாபகமே நமக்கு இல்லாமற் போவதில் ஆச்சரியமில்லை.

உபயோகமில்லாத உறுப்பு நம் ஊரில் சும்மாவும் இருப்பதில்லை, துருப்பிடித்துப் போகிறது. உப்புக் காற்று ஒரு பக்கம் இருக்க, விருச்சிக மாதத்து வேலியேற்றத்தில் காயல் நீர் தெருவுக்குள் ஏறி வந்து, நிறுத்திவைத்த வண்டிகளின் ஹப் வரையில் நனைத்துவிட்டு இறங்குகிறதே, அந்த நீர் கைபிரேக் கேபிளின் உறைக்குள் புகுந்துவிட்டால் பிறகு அதை வெளியே எடுப்பார் இல்லை. உறைக்குள் கம்பி ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் பாதி தூரம் வருகிறது, விட்டால் திரும்பிப் போக மறுக்கிறது. மலைக்குப் போகிற வண்டிக்கு எந்தக் கைபிரேக் உசிதம் என்று யோசிக்கும்போது, மலையின் சரிவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், வாரம் முழுவதும் அது நிற்கிற மட்டாஞ்சேரியின் உப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் முதல் அபிப்பிராயம்.

மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பண்டகசாலைகளுக்குப் பல தலைமுறைகளாக வாழ்வு தந்து வருகிற மிளகும் ஏலமும் விளைகிற அதே இடுக்கிச் சரிவுகளில்தான் நீங்கள் பொழுதுபோக்காக வண்டி ஏற்றுகிறீர்கள். அங்கே ஜீப் பொழுதுபோக்குச் சாதனமன்று. போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், விடியுமுன்னே தூக்குவாளியும் தலைத்துணியுமாக ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி மலைக்கு வருகிறார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: கேரளத்தில் தொடங்கித் தேனி மாவட்ட எல்லைக்குள் முடிகிற அந்தப் பாதை, ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது, தார் கிடையாது, கருங்கல்லும் பள்ளமுமாகத்தான் கிடக்கும். எதிரே ஒரு வண்டி இறங்கி வந்தால், ஏறுகிறவன் ஒதுங்குகிற இடம் பார்த்துப் பாதிச் சரிவில் நிற்க வேண்டும். அப்படி நிற்கிற வேளையில் கால் பிரேக்கையே நம்பி உட்கார்ந்திருக்கிறவன், கிளட்சுக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் இரண்டு கால்களைப் பங்கிட முடியாமல் திண்டாடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கீழே இறங்கிக் கல்லை நகர்த்த வேண்டியிருந்தாலோ, கட்டை போடுகிறவன் கையில்தான் எல்லோருடைய பிராணனும் இருக்கிறது.

டிஸ்க் பிரேக்கின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. 1953-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார்கள் வெற்றி பெற்றதிலிருந்து உலகம் அதன் பெருமையை ஒப்புக்கொண்டுவிட்டது. ஓடையைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் புகுந்த தண்ணீரும் சேறும் வெளியேற நேரமாகும். டிஸ்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி தளர்வதும் டிஸ்க்கில் குறைவு. இவையெல்லாம் ஓடுகிற வண்டியை நிறுத்துகிற விஷயங்கள். நின்ற வண்டியை நிற்கவைப்பது வேறு விஷயம். அதில் டிரம்முக்கு ஒரு பிறவி லாபம் உண்டு. ஷூ ஒன்று, சக்கரம் உருளப் பார்க்கிற திசையிலேயே இழுபட்டு, கதவடியில் செருகிய ஆப்பு கதவைத் தள்ளத் தள்ள இறுகுவது போல, டிரம்மின் சுவரோடு தானாகவே இறுகிக்கொள்கிறது. ஆகவே கையால் கொடுக்கிற சொற்ப விசை அங்கே பெருகி வேலை செய்கிறது. டிஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது. பேட் இரண்டும் எவ்வளவு அமுக்கப்படுகின்றனவோ அவ்வளவுதான் பிடி. போதாததற்கு, மலையேறி வந்து சூடாக இருக்கிற டிஸ்க்கை இறுக்கிவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போகிறீர்கள். அது ஆற ஆற உலோகம் சுருங்குகிறது, பேட்டின் அழுத்தம் குறைகிறது. கடைவாசலில் அசையாமல் நின்ற வண்டி, கால் மணி கழித்து யாரும் தொடாமலே உருள்வதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் மூட்டைகளுமாக 2000 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று, ஐந்தடி போனால் ஓரடி ஏறுகிற சரிவில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே இழுக்கிற விசை சுமார் 390 கிலோ. 29 அங்குல விட்டமுள்ள டயரில் அதை எதிர்த்து நிற்கப் பின் ஆக்ஸிலில் வேண்டிய முறுக்குவிசை ஏறக்குறைய 1400 நியூட்டன் மீட்டர். அழகுக்காக நீங்கள் பூட்டிக்கொள்கிற 33 அங்குல டயரானால் 1600. சக்கரத்துக்குப் பாதிப்பாதி என்று பிரித்து, 11 சென்டிமீட்டர் ஆரத்தில் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பருக்குக் கணக்கிட்டால், சிறிய டயரிலேயே ஒவ்வொரு காலிப்பரும் சுமார் 800 கிலோ விசையோடு அமுக்கியாக வேண்டும் என்று விடை வருகிறது. ஓட்டுகிறவர் உட்கார்ந்தபடி கையால் இழுக்கிற விசையோ நாற்பது கிலோவுக்கு மேல் என்று எதிர்பார்க்கலாகாது. இந்த நாற்பதை லீவரும் கேபிளும் காலிப்பரின் மறையும் சேர்ந்து இரண்டு எண்ணூறுகளாக ஆக்க வேண்டும். நடுவே துருப்பிடித்த உறையும் அநாவசிய வளைவுகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மூன்றுக்கு ஒன்று என்கிற சரிவு வந்தால் இவை அனைத்தும் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். கேபிளை ஏதோ ஒரு விதமாகக் கோத்து இழுத்துவிட்டால் கைபிரேக் ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி, உங்களில் பலர் தூக்கி எறிந்துவிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் கைபிரேக், சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் ஜாயிண்ட் ஷாஃப்ட் புறப்படுகிற வாயிலில், ஒரு சிறிய டிரம்மாக இருந்தது. யுத்த காலத்து ஜீப்பில் டிரம்மை வெளியிலிருந்து இறுக்குகிற பட்டையாக இருந்ததை, பிற்பாடு உள்ளிருந்து விரிகிற ஷூவாக மாற்றினார்கள். இதன் மகிமை கிரவுன் பினியனில் இருக்கிறது. பழைய சிஜே-3பி ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றும். ஆகவே சக்கரத்தில் 1400 வேண்டியிருந்த முறுக்குவிசை ஷாஃப்டில் 260 இருந்தால் போதும். அதே ஷாஃப்டில் டிரம்முக்குப் பதிலாக ஒரு சிறு டிஸ்க்கை வைத்துக் கவ்வினாலும், 9 சென்டிமீட்டர் ஆரத்தில் சுமார் 370 கிலோ அமுக்கம் போதும். அதுவும் ஒரே இடத்தில், ஒரே கேபிளில். பின்சக்கரத்தில் நீங்கள் எந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டாலும் இதற்கு அக்கறையில்லை. லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பின்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்த பிறகும், 2016 ஜனவரியில் அந்த வண்டியின் உற்பத்தியை நிறுத்தும் வரையில், இங்கிலாந்துக்காரர்கள் ஷாஃப்ட் பிரேக்கை விடவில்லை. நான்கு சக்கரமும் இணைகிற கியரில் போட்டுவிட்டு இதை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து நிற்கும். இறக்கத்தைப் பார்த்து வண்டி நிற்கும்போது பாரம் முன்னே சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகி, சரளைக்கல்லில் பூட்டியபடியே வழுக்குகிற ஆபத்துக்கு இதைவிட மலிவான பரிகாரம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முன் ஹப்பில் ஃப்ரீ வீல் லாக் உள்ளவர்கள் அதைத் திருகிப் பூட்டியிருக்க வேண்டும். இல்லையேல் முன் ஷாஃப்ட் மட்டும் விறைத்து நிற்கும், சக்கரம் தன் பாட்டுக்கு உருளும்.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் எறிந்தார்கள்? பிடிக்கவில்லை என்பதால். ஏன் பிடிக்கவில்லை? டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீல் தேய்ந்து, உள்ளிருக்கும் கியர் ஆயில் சொட்டுச் சொட்டாக அந்த டிரம்முக்குள்ளேயே இறங்குகிறது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் லைனிங் கறுத்துப் பளபளவென்று மின்னும். விரலால் தொட்டு முகர்ந்தால் தொண்ணூறு நம்பர் ஆயிலின் அந்தக் காட்டமான வாசனை அடிக்கும். எண்ணெயில் ஊறிய லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மீண்டும் பூட்டி, ஒரு வாரத்தில் மறுபடியும் பிடிக்கவில்லை என்று சலித்துக்கொள்வது நம் பட்டறைகளின் பழைய சம்பிரதாயம். மாற்ற வேண்டியது சீலை. அதோடு, சீல் உட்காருகிற யோக்கில் பள்ளம் விழுந்திருந்தால் யோக்கையும். ஊறின லைனிங்கைக் கழுவாமல் எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் காற்றுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், உள்ளே சூடேறிய காற்று புதுச் சீலையும் நாலு மாதத்தில் பிதுக்கிவிடும் என்பதையும் மேஸ்திரிமார்கள் மறக்கக் கூடாது. இத்தனை செலவும் நீங்கள் பம்பருக்கும் விளக்குகளுக்கும் செய்கிற செலவில் ஓர் அற்பப் பங்கு.

ஷாஃப்ட் பிரேக்குக்குக் குற்றங்கள் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு குற்றம் பெரியது. ஷாஃப்ட் நின்றுவிட்டாலும் டிஃபரன்ஷியல் நிற்பதில்லை. பின்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேலே அந்தரத்தில் தொங்கினால், அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் சுற்றி, ஷாஃப்ட் அசையாமலே வண்டி உருண்டுவிடும். பஞ்சர் போட ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குகிற நிமிஷத்தில் இது நேர்ந்தால், அடியில் இருக்கிறவன் கதி என்ன? ஆகையால் ஷாஃப்ட் பிரேக் உள்ள வண்டியை ஜாக்கியில் தூக்குமுன் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் இருப்பது மகா பாதகம். இன்னொன்று, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற ஜாயிண்ட் கிராஸோ ஆக்ஸில் ஷாஃப்டோ ஒடிந்தால், பிரேக் இருந்தும் இல்லாததுதான். மூன்றாவது, ஓடுகிற வண்டியில் பதற்றத்தோடு இதை இழுத்தால், அந்த அதிர்ச்சியைக் கிராஸும் பினியனும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிலர் கிரவுன் பினியன் ஹவுசிங்கின் முகப்பிலேயே டிஸ்க்கை வைத்து, பினியன் பிரேக் என்று பூட்டுகிறார்கள். அதில் ஜாயிண்ட் ஷாஃப்ட் கழன்றாலும் பிடி இருக்கும் என்பது லாபம், கல்லும் சேறும் படுகிற இடத்தில் அது தொங்குகிறது என்பது நஷ்டம். கொழுக்குமலைப் பாதையின் கற்களை அறிந்தவன் என்ற முறையில், நான் மேலே இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமே ஓட்டுப் போடுவேன்.

சக்கரத்திலேயே கைபிரேக் வேண்டும் என்கிறவர்களுக்கு, உள்ளவற்றுள் சிறந்தது டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் ஒரு குட்டி டிரம்மை ஒளித்துவைத்த ஏற்பாடு. டொயோட்டா லேண்ட் குரூஸர் 80 வரிசையிலும், ஜீப் ராங்ளரின் ஜேகே வகையிலும் இதைத்தான் வைத்தார்கள். ஓடும்போது டிஸ்க் வேலை செய்கிறது. நிறுத்திய பிறகு குடத்துக்குள் இருக்கிற ஷூ விரிகிறது. டிஸ்க் ஆறிச் சுருங்குவதனால் இதற்குப் பாதகமில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மற்றது பிடித்தே நிற்கும். வேறு ஆக்ஸில் தேடுகிறவர்கள் காலிப்பரின் அளவைப் பார்க்குமுன் இந்தக் குடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், பாதிப் பிரச்சினை வாங்கும்போதே தீர்ந்துவிடும். ஆனால் நம் ஊர் உப்பு இதன் ஜென்ம சத்துரு. நிற்கும்போது மட்டும் வேலை செய்கிற ஷூ தேய்வதில்லை. தேயாத காரணத்தாலேயே அதை யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினால், உள்ளிருந்து செந்துரு பொலபொலவென்று ஒரு கைப்பிடி உதிர்கிறது, லைனிங் தகட்டை விட்டுப் பெயர்ந்து தனியே கிடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, வேலியேற்றம் முடிந்த பிறகு, இதைக் கழற்றிச் சுரண்டி அட்ஜஸ்டரை அளவாகத் திருகிவைப்பது என்று ஒரு நாள் ஒதுக்க மனமில்லாதவர்கள் இந்த ஏற்பாட்டை நாடாதிருப்பது நல்லது.

காலிப்பரின் பிஸ்டனையே லீவரும் மறையும் கொண்டு கேபிளால் தள்ளுகிற வகை ஒன்று கார்களில் வருகிறது. பழைய கார்களிலிருந்து எடுத்து ஜீப்பில் பூட்டுகிறவர்கள் நம்மிடமும் உண்டு. பேட் தேயத் தேயத் தானாக நெருங்குகிற யந்திரம் அதற்குள் இருக்கிறது. அந்த யந்திரம் பல வகைகளில் கைபிரேக்கை அடிக்கடி இழுத்து விட்டால்தான் வேலை செய்யும். கைபிரேக்கைத் தொடாத சமதரைவாசிகளாகிய நமக்கு அது எப்படிப் பொருந்தும்? பேட் மாற்றும்போது பிஸ்டனை நேராக அமுக்காமல் திருகி உள்ளே விட வேண்டும் என்பதை அறியாமல், ஜி-கிளாம்ப் போட்டு நசுக்கி யந்திரத்தையே பாழாக்கிய பட்டறைகளும் இருக்கின்றன. தனியாக ஒரு சிறு காலிப்பரைக் கைபிரேக்குக்கென்றே டிஸ்க்கில் பூட்டுவது மற்றொரு வழி. ஜாகுவார் மார்க் 2 காரில் அப்படித்தான் வைத்தார்கள். கார் எவ்வளவு கீர்த்தி பெற்றதோ, அதன் கைபிரேக் பலவீனத்துக்கு அவ்வளவு பெயர் பெற்றது. மேலே போட்ட எண்ணூறு கிலோக் கணக்கு அதற்கு உத்தரம்.

மோட்டாரால் இயங்குகிற கைபிரேக்கைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2024-ல் வந்த மஹிந்திரா தார் ராக்ஸின் மேல்வகைகளில் பின்சக்கர டிஸ்க்கோடு அது வருகிறது. பட்டனை இழுத்தால் காலிப்பரின் முதுகில் இருக்கிற மோட்டார் மறையைத் திருகி இறுக்குகிறது. மின்சாரம் நின்றாலும் மறை பின்வாங்காது. இப்படிப்பட்ட பல வண்டிகளில், டிஸ்க் ஆறும்போது தானாகவே மறுபடி இறுக்குகிற புத்தியும் வைத்திருக்கிறார்கள். கம்பெனியே அமைத்துக் கொடுத்தால் அது நல்ல வஸ்து. அதே மோட்டாரை இடிந்த வண்டியிலிருந்து கழற்றி வந்து, இரண்டு வயரும் ஒரு சுவிட்சுமாகப் பழைய ஜீப்பில் பூட்டுகிறீர்களே, எவ்வளவு இறுகினால் நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தானாக நிற்கத் தெரியாத மோட்டார் மறையை முறித்துக்கொள்ளும், அல்லது போதுமான இறுக்கம் வருமுன்னே ஃபியூஸை எரித்துக்கொள்ளும். காட்டுக்குள் பாட்டரி இறங்கிப்போனால் பூட்டிய பிரேக்கை விடுவிக்கவும் வழி தேட வேண்டும்.

லைன் லாக் என்கிற குழாய்ப் பூட்டைப் பற்றி நான் தயவுதாட்சண்யம் இன்றிச் சொல்லிவிடுகிறேன்: அது கைபிரேக் அன்று. பெடலை மிதித்து, பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு ஒன்றால் அடைத்துவைக்கிறீர்கள். எங்கோ ஒரு ரப்பர் வாஷர் மயிரிழை கசிந்தால் போதும், அல்லது பகலில் சூடாக இருந்த ஆயில் மலையின் இரவுக் குளிரில் சுருங்கினால் போதும், அழுத்தம் இறங்கிவிடும். அதைவிட முக்கியம், கால் பிரேக்கின் குழாய் உடைந்தால் இதுவும் கூடவே போய்விடும் என்பது. கால் பிரேக் கெட்டாலும் கைபிரேக் தனியே நிற்க வேண்டும் என்பதனால்தான், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரண்டையும் ஒன்றையொன்று சாராத இரு ஏற்பாடுகளாகக் கேட்கின்றன. வின்ச் போட்டு இழுக்கும்போது ஐந்து நிமிஷம் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டு இறங்கிப் போகிறவனுக்கு அது உதவாது.

சட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டும், ஏனென்றால் நம் மாநிலத்துக்கு இதில் ஒரு சரித்திரம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. இதைத் தளர்த்திப் பொருள் கொண்ட கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றி எழுதியது. ஆகவே ஆக்ஸிலையே மாற்றிப் போட்ட வண்டியைச் சாலையில் ஓட்டுகிறவர்கள், சோதனைச் சாவடியில் மட்டுமல்ல, விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் வந்து கேட்கிற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். மாற்றுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிப்பது அலைச்சல்தான். விபத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு நடப்பது அதைவிடப் பெரிய அலைச்சல்.

என்னைக் கேட்டால், பழைய சிஜே வகை ஜீப்பை வைத்திருப்பவர்கள் முதலில் அதன் ஷாஃப்ட் பிரேக்கை, எறிந்திருந்தால் பழைய இரும்புக் கடையில் தேடியாவது, திரும்பப் பூட்டிச் சீலை மாற்றிச் சீராக்கிக்கொண்ட பிறகே பின்சக்கர டிஸ்க்கைப் பற்றி நினைக்க வேண்டும். கைபிரேக் பின்சக்கர டிரம்மிலேயே உள்ள வண்டிக்காரர்கள், 2020-ஆம் ஆண்டுத் தாரும் ஜிம்னியும் அந்த ரகம்தான், டிரம்மை விட்டுவைப்பதே உத்தமம். அந்த டிரம்மால் உங்களுக்கு வந்த கஷ்டம் என்ன என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் இராது. எப்படியும் டிஸ்க் போட்டே தீருவேன் என்கிறவர்கள் குட்டி டிரம் உள்ள ஆக்ஸிலைத் தேடட்டும். வசதியுள்ளவர்கள் அதோடு ஷாஃப்டிலும் ஒன்று வைத்துக்கொண்டால், சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும், கிராஸ் ஒடிந்தாலும், ஏதாவது ஒன்று பிடித்து நிற்கும்.

மேஸ்திரிமார்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம். வேலை முடிந்ததும் தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் காட்டி, ‘பிடிக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்த ஏற்றத்தில் சுமையில்லாத ஜீப் நிற்பது எதற்கும் சாட்சியாகாது. நேரியமங்கலம் தாண்டி அடிமாலிப் பக்கம் ஏறத் தொடங்கினால் தக்க சரிவுகள் கிடைக்கும். சாலையை விட்டு ஒதுங்கி, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, வண்டியில் ஏற்ற வேண்டிய முழுப் பாரத்தையும் மணல் மூட்டையாக ஏற்றி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளீனர் பையன் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னே கட்டையைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகி நிற்க, கால் பிரேக்கை மெதுவாக விட்டுப் பாருங்கள். ஏற்றத்தைப் பார்த்து ஒருமுறை, இறக்கத்தைப் பார்த்து ஒருமுறை. டிஸ்க் சூடாக இருக்கும்போதே இழுத்து வைத்து, அரை மணி ஆற விட்டு, மீண்டும் பாருங்கள். லீவர் எத்தனையாவது பல்லில் நிற்கிறது என்று எண்ணி, சாக்பீஸால் டாஷ்போர்டின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் இரண்டு பல் அதிகமாக ஏறினால் வண்டியை உங்களிடம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று உரிமையாளரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் அயல்வாசி,
மட்டாஞ்சேரி.